பாதம் கழுவும் சடங்கு

பாதம் கழுவும் சடங்கு என்பது பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் மறையுரை முடிந்த கையோடு நடக்கும் கத்தோலிக்க வழிபாட்டுச் சடங்கு. பங்குத்தந்தை தம் பங்கு மக்களில் சிலருடைய கால்களில் நீர் ஊற்றிக் கழுவித் துடைப்பார். யோவான் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரமே இதற்கு மூலம். இறுதி இராவுணவைப் பற்றி எழுதும்போது மற்ற மூன்று நற்செய்தியாளர்களும் அப்பத்தையும் கிண்ணத்தையும் முன்னே வைக்கிறார்கள். யோவானோ துண்டையும் தண்ணீரையும் வைக்கிறார். கால் கழுவுவது வீட்டுப் பணியாள் செய்யும் வேலை. அதைப் போதகராகிய இயேசுவே தங்களுக்குச் செய்ததுதான் சீடர்களைத் திடுக்கிட வைத்தது.

அன்றைய திருப்பலியில் வானவர் கீதத்தின்போது கோயில் மணிகள் ஒலிக்கும். அதன்பின் உயிர்ப்புப் பெருவிழா வரை அவை ஒலிப்பதில்லை. மறையுரைக்குப் பிறகு பீடத்தின் முன் நாற்காலிகளோ பெஞ்சோ போடப்படும். பங்குத்தந்தை திருப்பலி மேலுடையைக் கழற்றிவிட்டு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொள்வார். பீடச் சிறுவர்கள் ஒருவர் குவளையும், ஒருவர் தாம்பாளமும், ஒருவர் துண்டுகளுமாகக் கூடவே நகர்வார்கள். பாதத்தை முத்தமிடும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. அமர்ந்திருப்பவர்களைச் சிறுவர்கள் ‘அப்போஸ்தலர்கள்’ என்றே சொல்வார்கள். உண்மையில் அழுக்குக் காலோடு யாரும் அந்த நாற்காலிக்கு வருவதில்லை. நகம் வெட்டி, குதிகால் தேய்த்து, வீட்டிலேயே ஒருமுறை கழுவிவிட்டுத்தான் வருகிறார்கள்.

வரலாற்றில் இச்சடங்கு பங்குக் கோயிலுக்கு வந்தது மிகத் தாமதமாக. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய துறவற ஒழுங்கின் 53-ஆம் அதிகாரம், மடத்துக்கு வரும் விருந்தினரின் கால்களை மடாதிபதியும் துறவியரும் கழுவவேண்டும் என்கிறது. 35-ஆம் அதிகாரம் அடுக்களையைப் பற்றியது. அதுவே இன்னும் சுவையானது. ஒரு வாரம் சமையல் முறை முடித்தவரும் அடுத்த வாரம் தொடங்குபவரும் சேர்ந்து எல்லோருடைய கால்களையும் கழுவவேண்டும். முறை முடிப்பவர் கைகால் துடைக்கும் துணிகளைத் துவைக்கவேண்டும், பாத்திரங்களைச் சுத்தமாகத் திருப்பி ஒப்படைக்கவேண்டும். தாழ்மையின் பன்னிரண்டு படிகளை 7-ஆம் அதிகாரத்தில் விரிவாகப் பேசிய அதே நூல்தான் இது. பெனடிக்ட்டுக்குத் தாழ்மை வாரமுறைப் பட்டியலில் வரும் ஒரு வேலை. ஆண்டுக்கொருநாள் உணர்ச்சி அல்ல.

ஸ்பெயினின் டொலேடோவில் 694-இல் கூடிய ஆயர் சங்கம், பெரிய வியாழனன்று இச்சடங்கைக் கடமையாக்கியது. பின்னாளில் ஆயர்களும் மடாதிபதிகளும் மட்டுமன்றி அரசர்களும் இதைச் செய்தார்கள். ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசப் வியன்னா அரண்மனையில் ஆண்டுதோறும் ஏழை முதியவர் பன்னிருவரின் கால்களைக் கழுவிவந்தார். திருப்பலிக்கு வெளியே தனியாக நடந்துவந்த சடங்கைத் திருத்தந்தை 12-ஆம் பயஸ் 1955-இல் செய்த புனித வாரச் சீர்திருத்தம் திருப்பலிக்குள் கொண்டுவந்தது. சாதாரணப் பங்கு மக்கள் இதைக் கண்ணால் கண்டது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். 1970-ஆம் ஆண்டுத் திருப்பலி நூல் பன்னிருவர் என்ற எண்ணிக்கையை விட்டுவிட்டது. ஆனாலும் பங்குகள் அந்த எண்ணை விடவில்லை.

‘ஆண்கள்’ என்ற விதி மட்டும் நீடித்தது. 2013-இல் பொறுப்பேற்ற சில நாட்களிலேயே திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையின் காசல் தெல் மார்மோ சிறார் சிறைக்குச் சென்று, இரு இளம்பெண்கள் உட்படப் பன்னிருவரின் கால்களைக் கழுவினார். அவர்களில் இஸ்லாமியரும் இருந்தனர். விதி மீறப்பட்டதாகச் சிலர் முணுமுணுத்தார்கள். 2016 ஜனவரி 6 தேதியிட்ட ஆணை விதியையே மாற்றியது. ஆண், பெண், இளையோர், முதியோர், நலமுள்ளோர், நோயாளிகள், குருக்கள், துறவியர், பொதுநிலையினர் என இறைமக்களில் யாரிலிருந்தும் தேர்ந்தெடுக்கலாம் என்றானது. ஆணை உரோமை வழிபாட்டு முறைக்கு மட்டுமே உரியது என்பதால், கேரளத்தின் சீரோ மலபார் திருச்சபை 2017-இல் ஆண்கள் மட்டும் என்ற தன் மரபையே தொடர முடிவுசெய்தது. 2024-இல் பிரான்சிஸ் ரெபிபியா சிறையில் சக்கர நாற்காலியில் இருந்தபடியே பன்னிரு பெண்களின் கால்களைக் கழுவினார்.

தமிழகப் பங்குகளில் இச்சடங்குக்குத் தனிக் கூர்மை உண்டு. இங்கே காலைத் தொடுவதற்கு ஒரு திசை இருக்கிறது: இளையவர் பெரியவர் காலைத் தொடுவார், மாறித் தொடுவதில்லை. ‘சாமி’ என்று மக்கள் அழைக்கும் ஒருவர் கூலிவேலை செய்பவரின் முன் முழந்தாளிடுவது அந்தத் திசையைத் திருப்பிவிடுகிறது. ஆனால் பங்கின் தாழ்மையை அளக்க, சாமியார் குனிவதைவிட நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்று பார்ப்பதே மேல். பங்குப்பேரவை உறுப்பினர்கள், திருவிழா நன்கொடையாளர்கள் என்றே வரிசை நிரம்பினால் அது மரியாதைப் பட்டியலாகிவிடும். பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர் என்று எடுக்கும் பங்குகளில் முகங்கள் மாறுகின்றன. சாதியின் கணக்கு இதைவிடக் கடினமானது. வடக்கன்குளம் திருக்குடும்பக் கோயிலுக்குள் சாதியினரைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. திருச்சபைக்குள் தலித்துகளுக்கு எதிரான தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டு, அவர்களுக்கான கொள்கை ஆவணத்தை இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்டது.

சடங்கின் மறுபாதி உட்கார்ந்திருப்பவருக்குரியது. யோவானின் பகுதியில் காலை நீட்ட மறுப்பவர் பேதுரு. அவருக்குப் பணிவிடை செய்வதைவிடப் பெற்றுக்கொள்வது கடினமாயிருந்தது. அன்று கோயிலில் அமர்பவர்களும் நெளிவார்கள், சிலர் காலைப் பின்னுக்கு இழுப்பார்கள். செபத்துக்கு அடித்தளம் தாழ்மையே என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2559-ஆம் எண்ணில் கூறுவதும் பெற்றுக்கொள்ளும் இந்த நிலையைத்தான்: கேட்பவர் இரப்பவர். திருப்பலி முடிந்ததும் நற்கருணை பவனியாகப் பக்கப்பீடத்துக்கு இடம் மாற்றப்படும். நள்ளிரவு வரை அன்பியங்கள் மணிக்கொன்றாக முறைவைத்து அங்கே அமர்ந்து செபிப்பது பல பங்குகளில் வழக்கம். பாதம் கழுவப்பட்டவர்களுக்கு அதில் தனி இடம் கிடையாது. தங்கள் அன்பியத்தின் முறை வரும்போது மற்றவர்களோடு தரையில் உட்காருவார்கள்.

இச்சடங்கு கட்டாயமல்ல. மேய்ப்புப்பணிக் காரணம் இருக்கும் இடத்தில் செய்யலாம் என்றே திருப்பலி நூல் சொல்கிறது. ஆயினும் அதை விட்டுவிடும் பங்குத்தந்தை மறுநாளே மக்களுக்குப் பதில் சொல்லவேண்டி வரும்.