பாலாடை: ஒரு சிறு ஏனத்தின் வரலாறு

பெங்களூர் அடுகோடியில் பாத்திரக் கடை வைத்திருப்பவனுக்கு மொழியாராய்ச்சி கல்லாவிலேயே நடந்துவிடும். ஒரே பொருளை வாங்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். நம்மவர்கள் 'பாலாடை' என்பார்கள், சிலர் 'சங்கு' என்பார்கள். கன்னடக்காரர் 'ஒளலெ' கேட்பார். தெலுங்கர்கள் 'உக்கு கின்னெ' என்பார்கள். மலையாளத்தில் 'கோகர்ணம்', மராத்தியில் 'போண்ட்லா'. வங்காளத்துப் பெண்கள் 'ஜினுக்' என்று கேட்பார்கள்; அதற்குச் சிப்பி என்று பொருள். பெயர் எதுவானாலும் கேட்கும் பொருள் ஒன்றே. ஒரு பக்கம் வாய் நீண்டு, குழந்தையின் உதட்டில் பொருந்தும்படி அமைந்த, உள்ளங்கையில் அடங்கும் பால் ஏனம்.

இந்தச் சின்ன சாமானுக்கு ஒரு வரலாறா என்று கேட்கலாம். உண்டு. தாய்ப்பாலை மட்டுமே அறிந்த குழந்தையை ஏனத்திலிருந்து குடிக்கப் பழக்குவது எப்படி என்பது, பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் நம் பெண்மக்கள் வீடுதோறும் கேட்கும் கேள்வி. அதற்கு விடை நம் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது என்பதைக் காட்டவே இக்கட்டுரை.

சொல்லும் பொருளும்

பாலாடை என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். காய்ச்சிய பாலின் மேல் படியும் ஏடு ஒன்று; குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு மற்றொன்று. முதலில் உண்மையான சங்கே புழங்கியது. பின்பு அதே வடிவத்தைப் பித்தளையிலும் வெள்ளியிலும் வார்த்தார்கள். இப்போது எவர்சில்வரில் வருகிறது. உலோகம் மாறியும் 'சங்கு' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

பட்டினத்தார் பேரில் வழங்கும் ஒரு பாட்டு மனித வாழ்வை மூன்று சங்குகளாகக் கணக்கிடுகிறது. பால் புகட்டும் சங்கு, மணவறையில் முழங்கும் சங்கு, கடைசியில் ஊதும் சங்கு. கேட்டவுடனே எவருக்கும் புரியும் உவமையாக அது அமைந்திருப்பதால், சங்கில் பால் புகட்டுவது அக்காலத்தில் ஊரறிந்த வழக்கம் என்று கொள்ளலாம்.

நிகண்டு ஐவகைத் தாயரைச் சொல்லும்: பாராட்டுந்தாய், ஊட்டுந்தாய், முலைத்தாய், கைத்தாய், செவிலித்தாய். இதில் முலைத்தாய் வேறு, ஊட்டுந்தாய் வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். பால் கொடுப்பவள் ஒருத்தி, ஊட்டிப் பழக்குபவள் இன்னொருத்தி. இதைப் பின்னால் மீண்டும் பார்ப்போம்.

பொற்கிண்ணம்

ஏனத்தில் பால் குடித்த தமிழ்க் குழந்தைகளில் பெரும்புகழ் பெற்றவர் திருஞானசம்பந்தர். சீர்காழிக் குளக்கரையில் அழுத மூன்று வயதுப் பிள்ளைக்கு உமையம்மை தன் பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்திக் கொடுத்ததாக, 12ஆம் நூற்றாண்டில் பெரிய புராணம் பாடிய சேக்கிழார் சொல்கிறார். சோழர் காலச் செப்புத் திருமேனிகள் பலவற்றில் சம்பந்தர் ஒரு கையில் கிண்ணமும், மேலே சுட்டும் விரலுமாக நிற்கிறார். சீர்காழிக் கோயிலில் சித்திரை மாதம் திருமுலைப்பால் விழா இன்றும் நடக்கிறது.

நான் சமணன். மதுரைக் கதையின் காரணமாகச் சம்பந்தர் பெயர் எங்கள் முன்னோர் காதுக்கு இனித்த பெயர் அல்ல. ஆனால் தராசு பிடிக்கிறவன் ஆள் பார்த்து எடை போடக் கூடாது. தாயின் பால், தாயின் மார்பிலிருந்து அல்லாமல், திறந்த கிண்ணத்தின் வழியாகக் குழந்தைக்குப் போகலாம் என்ற எண்ணம் அன்றே தமிழ் மனத்துக்கு இயல்பாக இருந்திருக்கிறது. அதற்கு இந்தக் கதையைவிடச் சிறந்த சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

திறந்த வாயும் மூடிய குழாயும்

பிற நாட்டாரும் இதையே செய்தார்கள். ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில், இரும்புக் கால ஒட்டிய குழந்தைக் கல்லறைகளில் மூக்கு வைத்த சிறு மண்கலயங்கள் கிடைத்தன. அவற்றில் ஒட்டியிருந்தது ஆடு மாடு போன்ற அசைபோடும் விலங்குகளின் பால் என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கூழ் புகட்டுவதற்கென்று வெள்ளியில் படகு போன்ற ஏனம் செய்தார்கள். அதன் படத்தைப் பார்த்தால், நம்ம பாலாடைக்கு அண்ணன் தம்பி என்றே சொல்லத் தோன்றும்.

அடுத்த நூற்றாண்டில் நிலைமை மாறியது. 1845இல் நியூயார்க்கில் ரப்பர் காம்புக்குக் காப்புரிமை பெறப்பட்டது. 1867இல் சுவிட்சர்லாந்தின் வெவே ஊரில் நெஸ்லே தன் பால்மாவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கண்ணாடிப் புட்டியும் நீண்ட ரப்பர் குழாயும் சேர்ந்த பாட்டில்கள் ஐரோப்பிய வீடுகளில் பரவின. குழந்தை படுத்தபடியே தானாக உறிஞ்சிக்கொள்ளும், தாய்க்குக் கை ஓய்வு. ஆனால் அந்தக் குழாயின் உள்ளே பால் தங்கிப் புளித்தது, கழுவ வழியில்லை. எத்தனையோ பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் இறந்த பிறகு, 1910இல் பிரான்சு நாடு நீள்குழாய்ப் பாட்டிலைச் சட்டம் போட்டுத் தடுத்தது.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. விரல் நுழையாத பாத்திரம் சுத்தமாகாது. கூஜாவுக்கும் பொருந்தும், கெண்டிக்கும் பொருந்தும், குழந்தைப் பாட்டிலுக்கும் பொருந்தும். தண்ணீரை வடிகட்டிக் குடிப்பது எங்கள் சமய ஒழுக்கம். அதனால் இந்த விதி எனக்கு வியாபாரத்தால் மட்டும் வந்ததல்ல. பாலாடையின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. அதற்கு மூக்கு உண்டு, ஆனால் மேலே திறந்த மூக்கு. ஒரு விரலால் முழுதும் துடைத்துவிடலாம். ஒளிந்த மூலை கிடையாது.

அடுகோடியும் பாலும்

நம் அடுகோடிக்கும் பாலுக்கும் நெருங்கிய உறவு. 1923இல் பெங்களூரில் தொடங்கிய இம்பீரியல் கால்நடை வளர்ப்பு, பால்வள நிலையம்தான் இன்றைய தேசிய பால்வள ஆராய்ச்சி நிலையத்தின் மூலம். 1955இல் தலைமையகம் கர்னாலுக்குப் போன பிறகும், தென்மண்டலக் கிளை அடுகோடியில் தொடர்கிறது. 1927இல் காந்தியடிகள் இங்கே வந்து மாடு பராமரிப்பைப் பற்றிக் கற்றுக்கொண்டார். ஓசூர் சாலையில் சற்றுத் தள்ளி 'டெய்ரி சர்க்கிள்' என்ற பெயரே நாற்சந்திக்கு நிலைத்துவிட்டது.

1950களில் மைக்கோ தொழிற்சாலை இங்கே வந்தது. வட ஆற்காடு, தென் ஆற்காடு, தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் சுற்றிலும் குடியேறின. ஊரில் கூட்டுக் குடும்பம். பெரியம்மா, அத்தை, பாட்டி என்று யாராவது ஒருத்தர் பாலாடை பிடிக்கக் கற்றிருப்பாங்க. இங்கே ஒற்றை அறை வீடு. ஊட்டுந்தாய் ஊரிலேயே தங்கிவிட்டாள். அந்த இடத்துக்குப் பாட்டில் வந்தது. நகரத்துப் பழக்கம் என்ற மதிப்பும் அதற்குச் சேர்ந்தது. பாலாடை பட்டிக்காட்டுச் சாமான் ஆயிற்று.

இதே காலத்தில் உலகம் எதிர்த்திசையில் திரும்பத் தொடங்கியிருந்தது. 1939இல் சிங்கப்பூரில், சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவ அம்மையார், டின் பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்று என்று விற்பதைக் கண்டித்துப் பேசினார். அப்பேச்சுக்கு அவர் வைத்த தலைப்பின் பொருள் 'பாலும் கொலையும்'. 1981 மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. ஆதரவு 118 நாடுகள், எதிர்ப்பு அமெரிக்கா ஒன்று. இந்தியா 1992இல் சட்டமே இயற்றி, 2003இல் அதை இறுக்கியது. பால்மாவுக்கு மட்டுமல்ல, பால் பாட்டிலுக்கும் இந்நாட்டில் விளம்பரம் செய்யக் கூடாது. தாய்ப்பாலை நேராகக் குடிக்க முடியாத குழந்தைக்குப் பாட்டிலைவிடக் கிண்ணமே மேல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெடுநாள் அறிவுரை.

பழையதெல்லாம் நல்லதா?

அப்படியும் சொல்ல முடியாது. எங்கள் வந்தவாசிப் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்கு முதலில் சங்கில் சர்க்கரைத் தண்ணீர் வைப்பார்கள். 'சேனை வைப்பது' என்று பெயர். பிறந்தவுடன் தாயின் சீம்பால்தான் போக வேண்டும், வேறொன்றும் ஆகாது என்று மருத்துவர்கள் சொல்வதுதான் சரி. உரைமருந்தைச் சங்கில் கரைத்து ஊற்றுவதும் அப்படியே விடவேண்டிய பழக்கம்.

இன்னொன்று எங்கள் வியாபாரத்தைச் சேர்ந்தது. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் வைத்த மாட்டுப்பாலில் செம்பு கரைந்து ஏறும். இந்தியக் குழந்தைகளின் ஈரலைக் கருக்கிய ஒரு கொடிய நோய்க்கும் இதற்கும் உள்ள தொடர்பை 1980களில் புனேயில் ஆராய்ந்த மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். எவர்சில்வர் பரவியபின் அந்நோய் மிக அரிதாகிவிட்டது. ஆகவே பாட்டி கொடுத்த பித்தளைச் சங்கு இருந்தால் அலமாரியில் அழகுக்கு வையுங்கள். புழக்கத்துக்கு எவர்சில்வரோ வெள்ளியோ போதும்.

பாலாடையை மருத்துவர்களும் சோதித்திருக்கிறார்கள். இந்திய மருத்துவர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில் பாட்டில், கிண்ணம், பாலாடை மூன்றையும் ஒப்பிட்டபோது பாலாடையே முந்தி நின்றது. 2007இல் இங்கிலாந்தில் குறைமாதக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில் அதற்கு நேர்மாறாக, பால் அதிகம் சிந்தியது, நேரமும் கூடியது. ஏனம் ஒன்றுதான், முடிவு இரண்டு. பிடிக்கிற கையின் பழக்கம்தான் வித்தியாசம் என்பது என் கருத்து. நம் அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் செவிலியருக்கு இதைப் பயிற்சியாகவே கொடுக்கிறார்கள்.

பழக்கும் முறை

மருத்துவர்களும் செவிலியர்களும் சொல்வதன் சாரத்தைத் தொகுத்துத் தருகிறேன்.

பிள்ளையைப் படுக்கவைத்து ஊற்றக் கூடாது. பாட்டிமார் காலை நீட்டிக் கிடத்தி ஊற்றுவார்கள். அதில் புரையேறும் அபாயம் உண்டு. மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகையும் கழுத்தையும் ஒரு கையால் தாங்க வேண்டும். கை ஆட்டித் தட்டிவிடாதபடி துணியால் தளரச் சுற்றலாம். ஏனத்தின் விளிம்பு கீழுதட்டில் படட்டும். பால் உதட்டைத் தொடும் அளவுக்கே சாய்க்க வேண்டும். அதற்குமேல் நம் வேலை காத்திருப்பதுதான். பிள்ளை நாக்கை நீட்டி நக்கும், பிறகு உறிஞ்சும், நடுவே நிறுத்தி மூச்சு வாங்கும். வாயில் ஊற்றாமல், அதுவாக எடுத்துக்கொள்ள விட வேண்டும். முகத்தைத் திருப்பினால் போதும் என்று அர்த்தம்.

பசி முற்றி அழும்போது தொடங்க வேண்டாம். வயிறு நிறைந்திருக்கும்போதும் வேண்டாம். தாய் வேலைக்குப் போகும் நாளுக்குச் சில வாரம் முன்பே, பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலை ஓரிரு கரண்டி அளவில் கொடுத்துப் பழக்கலாம். அறை வெப்பத்தில் வைத்த பாலை 4 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது. முதலில் தாயல்லாத ஒருவர் கொடுப்பது எளிது. தாயின் மடியில் பிள்ளை மார்பைத்தான் தேடும், ஏனத்தைப் பார்க்காது. அப்பாவோ, தாத்தாவோ, பக்கத்து வீட்டு அக்காவோ ஏந்தலாம். முலைத்தாய் வேறு, ஊட்டுந்தாய் வேறு என்று பிரித்த நிகண்டுக்கு இந்த அனுபவமும் தெரிந்திருக்கும்.

சிந்தும். முதல் நாட்களில் பாதி துணிக்குத்தான் போகும். அதைப் பார்த்து மனம் தளர்ந்து பாட்டிலுக்குத் தாவுகிறவர்களே அதிகம். பாட்டில் காம்பை உறிஞ்சும் நாக்கின் வேலை வேறு, மார்பில் குடிக்கும் வேலை வேறு. சில பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொண்டு மார்பை மறுத்துவிடும். ஏனத்தில் அந்தக் குழப்பம் குறைவு. மாலையில் அம்மா திரும்பியதும் பிள்ளை பழையபடி மார்பில் குடிக்கும்.

ஆறு மாதம் முடிந்து கூழும் சோறும் தொடங்கும்போது, சின்ன டம்ளரில் காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கொஞ்சமாக ஊற்றி அதே முறையில் கொடுக்கலாம். பாலாடையில் பழகிய உதடு டம்ளரைச் சீக்கிரம் பற்றிக்கொள்ளும். ஒரு வயதுவரை மாட்டுப்பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடாகக் கொடுக்க வேண்டாம். குறைமாதப் பிள்ளை, எடை குறைந்த பிள்ளை, அடிக்கடி புரையேறும் பிள்ளை என்றால் செவிலியரிடம் நேரில் கற்றுக்கொண்ட பிறகே கையில் எடுக்க வேண்டும்.

2017ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் பிரசவ விடுப்பை 26 வாரமாக்கியது. தாய்ப்பால் மட்டுமே போதும் என்று சொல்லப்படும் ஆறு மாதமும் ஏறக்குறைய அதே கணக்கு. ஆனால் ஓசூர் சாலைத் தையற்கூடங்களுக்கும் வீட்டு வேலைக்கும் போகும் நம் பெண்கள் பலருக்கு அந்த விடுப்பு முழுதாகக் கிட்டுவதில்லை. மூன்றாம் மாதமே பிள்ளையை விட்டுப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த அறிவு வெறும் பண்பாட்டுப் பெருமை அல்ல. பிள்ளைக்குத் தாய்ப்பால் நிற்பதா தொடர்வதா என்பதே இதில் அடங்கியிருக்கிறது.

சங்கங்கள் பட்டிமன்றம் நடத்துகின்றன, பொங்கல் விழா நடத்துகின்றன, நல்லதே. அதோடு, ஊரில் பேரப்பிள்ளை வளர்த்த கைகள் உள்ள மூதாட்டிகளையும், பயிற்சி பெற்ற ஒரு செவிலியரையும் ஒருநாள் சங்கக் கட்டடத்தில் உட்காரவைத்து, இளந்தாய்மாருக்கும் அவர்கள் கணவன்மாருக்கும் பாலாடை பிடிக்கக் கற்றுக்கொடுக்கலாம். மூதாட்டிகளிடம் பொறுமையைக் கற்கலாம், செவிலியரிடம் நிமிர்த்தி உட்காரவைப்பதைக் கற்கலாம். செலவு ஒரு எவர்சில்வர் ஏனத்தின் விலைதான்.