அடக்கேலாத சலமும் தாழ்ந்த பிறசரும்

பூநகரி, யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் தென்கரையில், கிளிநொச்சி மாவட்டத்துக்குள் அடங்கும் பிரதேசம். மழையை நம்பிய காலபோக நெல்லும் மொட்டைக்கறுப்பன் அரிசியும் அதற்குப் பெயர் தந்தவை. கோடை இறுகினால் கிணறுகள் உவர்க்கும். குடிதண்ணீருக்குப் பவுசரைப் பார்த்திருக்கும் வீடுகளும் உண்டு. இந்த மண்ணில், சலம் அடக்கேலாமல் குளிசை எடுக்கும் வயதானவர் ஒருவர் கிறுதி வந்து விழுந்தால், பழி முதலில் அந்தக் குளிசையின்மேல்தான் வரும். பல வேளைகளில் அந்தப் பழி அதே பையில் கிடக்கும் வேறொரு குளிசைக்கோ, குடிக்காமல் விட்ட தண்ணீருக்கோ உரியது.

மருத்துவத்தில் இந்தக் கோளாறு மிகைச்செயற்பாட்டுச் சிறுநீர்ப்பை எனப்படுகிறது. சிறுநீர்ப்பையின் சுவர் ஒரு தசை. பை நிறையும்வரை அது தளர்ந்திருக்க வேண்டும். இக்கோளாறில் அரைவாசி நிறையுமுன்பே அது இறுகத் தொடங்கிவிடும். அதனால் திடீரென்று முட்டும், மலசலகூடம் போய்ச் சேருமுன் கசியும், இரவில் பலமுறை எழுப்பும். பகலில் எட்டு முறைக்கு மேல் போவது பொதுவான அடையாளம். ஆனால் சலரோகம், சிறுநீர்த் தொற்று, கல், ஆண்களுக்குப் புரொஸ்டேட் வீக்கம் ஆகியனவும் இதே தொல்லையைத் தரும். சலமும் இரத்தச் சீனியும் சோதிக்காமல் இந்தப் பெயரைச் சூட்டுவது பிழை.

இதற்குரிய மருந்துகளில் பழைய வகை, நரம்பு தசைக்கு இடும் கட்டளையை மறிப்பது. அமெரிக்காவில் 1975இல் அனுமதி பெற்ற ஒக்சிபியூட்டினின் அதில் மூத்தது. டொல்டெரோடினும் சொலிபெனசினும் பின்வந்தவை. வாய் வறளும், மலம் இறுகும், பார்வை மங்கும். கண் அழுத்த நோயில் ஒரு வகை உள்ளவர்களுக்கும் சலம் முழுதாக வெளியேறாதவர்களுக்கும் இவை ஆகாது. பிறசரை இறக்குவது இவற்றின் முதன்மையான குணம் அல்ல. பூநகரி வெயிலில் கருத்தில் கொள்ள வேண்டிய குணம் வேறு: இவை வியர்வையைக் குறைக்கும். வயலில் நிற்கும் உடல் தன்னைத் தணிக்கும் வழி அடைபட்டால், வெப்ப மயக்கம் எளிதில் வரும். முதியோரிடம் மறதியும் தடுமாற்றமும் கவனிக்க வேண்டியவை. நொட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, இவ்வகைச் சிறுநீர்ப்பை மருந்துகளை நீண்டகாலம் எடுத்தவர்களிடம் மறதிநோய் கூடுதலாகக் காணப்பட்டதைக் காட்டியது. மருந்துதான் காரணம் என்று அது நிறுவவில்லை.

புதிய வகையான மிராபெக்ரோன், ஜப்பானில் 2011இலும் அமெரிக்காவில் 2012இலும் அனுமதி பெற்றது. இது தசையைத் தளர்த்தும், வாயை அவ்வளவு வறட்டாது. இது பிறசரை இறக்குவதை விட ஏற்றக்கூடியது. மேல் அளவு 180 அல்லது கீழ் அளவு 110 என்று கட்டுக்கடங்காமல் நிற்பவர்களுக்கு இதைக் கொடுப்பதில்லை. ஒரு சுற்றுவழி மட்டும் உண்டு: இதயத்துக்கு எடுக்கும் மெட்டோபுரோலோல் உடலில் சிதைவதை இது தாமதப்படுத்தும். அந்த மருந்து இரத்தத்தில் கூடினால் நாடித்துடிப்பும் பிறசரும் இறங்கலாம்.

அப்படியானால் பிறசரை இறக்குவது எது? பெரும்பாலும் பக்கத்துப் பைக்கற்று. புரொஸ்டேட்டுக்குத் தரும் தம்சுலோசின், பிறசருக்குத் தரும் பிரசோசின் இரண்டும் ஒரே குடும்பத்தவை. இரத்தக் குழாயைத் தளர்த்துபவை. பிரசோசினின் முதற் குளிசையே ஆளை மயக்கி விழுத்தலாம் என்பதால் அதைப் படுக்கப் போகும்போது எடுக்கச் சொல்வார்கள். படுத்தவர் விடியும்வரை படுத்திருந்தால் அது நல்ல ஏற்பாடு. ஒரு மணிக்கே சலம் முட்டி எழும்புகிறவருக்கு அதே ஏற்பாடு பொறியாகிவிடுகிறது. அம்லோடிபின் கணுக்காலில் நீர் கோர்க்கச் செய்யலாம். படுத்ததும் அந்த நீர் இரத்தத்துக்குத் திரும்பி, நடுச்சாமத்தில் சலமாக வரும். சலம் போக்கும் குளிசையைப் பின்னேரம் எடுப்பவரின் கதையும் இதேதான்.

2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின், பூநகரியிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத் தரைவழியாக நேரே போய்வர முடிகிறது. பெரிய நன்மை அது. ஆனால் சலத்துக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு கிளினிக், பிறசருக்கு ஊரில் ஒரு கிளினிக், இடையில் நோவுக்குத் தனியார் மருந்துக்கடை என்று ஒருவரின் குளிசைகள் மூன்று கைகளிலிருந்து வரவும் இடமுண்டு. ஒரு கொப்பியில் எழுதியது மற்றவர் கண்ணில் படாவிட்டால், ஒன்றோடொன்று முட்டும் மருந்துகளை யாரும் காணமாட்டார்கள்.

தாழ்ந்த பிறசர் என்ற சொல்லும் ஊரில் தாராளமாகவே புழங்குகிறது. களைப்பு, கவலை, பசி எல்லாவற்றுக்கும் அதுவே பெயர். வழக்கமாக 90க்கு 60இன் கீழ் இருப்பதைத் தாழ்வு என்பர். அந்த எல்லையை ஒட்டி 95க்கு 60 உள்ள மெலிந்த இளம்பெண் சுகமாக வேலை செய்தால் அது நோயல்ல. வயதானவர்களிடம் தேட வேண்டியது எழும்பும்போது வரும் இறக்கம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து அளந்து, எழுந்து நின்ற பின் ஒன்றாம், மூன்றாம் நிமிடங்களில் மறுபடி அளக்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது நிலைமாற்றத் தாழ்வு. கதிரையில் இருத்தி ஒருமுறை மட்டும் அளந்தால் இது பிடிபடாது. மத்தியானம் வயிறு நிறையச் சோறு உண்ட பின் இரத்தம் குடலை நோக்கிப் போவதாலும் முதியோருக்குப் பிறசர் இறங்குவதுண்டு.

எல்லாவற்றிலும் வருத்தம் தருவது தண்ணீரை மறுப்பது. பஸ்ஸில் முட்டிவிடும், கோயிலில் கசிந்துவிடும் என்று பயந்து, காலையிலிருந்து ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு இருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். வெட்கத்தில் மகளிடம்கூடச் சொல்வதில்லை. நீர் குறைந்தால் பிறசர் இறங்கும். சலம் கடுத்து, பையை மேலும் உறுத்தும். தேயிலையில் உள்ள கஃபீனும் பையைத் தூண்டும். பகலில் தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடிப்பதும், படுக்கைக்கு முந்திய இரண்டு மூன்று மணி நேரம் குறைப்பதும் பொருத்தம். இதய, சிறுநீரக நோயாளருக்கு மட்டும் அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். 1948இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னோல்ட் கெகல் விளக்கிய இடுப்படித் தசைப் பயிற்சியும், போகும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டும் பழக்கமும் குளிசைக்கு முன்பே தொடங்கத்தக்கவை. காசு செலவில்லை, கிறுதியும் இல்லை.

வளவின் மூலையில் மலசலகூடம் இருக்கும் வீடுகளில் இரவுதான் ஆபத்து. இருட்டு, படி, பாம்புப் பயம், அவசரம், அதோடு எழும்பிய வேகத்தில் இறங்கிய பிறசர். ஆண்கள் நின்றபடி சலம் கழிக்கும்போது பை வெறுமையாகும் கணத்திலும் மயக்கம் வரலாம். இருந்து கழிப்பது நல்லது. கட்டிலோரத்தில் ஒரு நிமிடம் இருந்து, காலை அசைத்து, பிறகு எழும்பலாம். கட்டிலருகே ஒரு பாத்திரம் வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; இடுப்பெலும்பு முறிவு அதைவிடக் கொடியது. மயக்கத்தோடு நெஞ்சுநோவு, கறுத்த மலம், கடும் காய்ச்சல் இருந்தால் காத்திருக்கக் கூடாது. 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் கிடைக்கும்.

குளிசையைத் தானாக நிறுத்துவதும் தீர்வல்ல. திடீரென்று விட்டால் சில பிறசர் மருந்துகள் எதிர்வினை காட்டும். மூன்று நாள் எப்போது குடித்தார், எப்போது போனார், எப்போது கிறுதி வந்தது என்று ஒரு தாளில் குறித்து, வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் ஒரே பையில் போட்டு, அடுத்த கிளினிக்கில் அந்தப் பையை மேசைமேல் வைப்பதே மருத்துவருக்குச் செய்யும் பெரிய உதவி.