மனப்புண்ணும் விழுப்புண்ணே



நம் முன்னோர் போர்ப்புண்ணை இருவகையாகப் பகுத்தனர். மார்பிலும் முகத்திலும் பட்டது விழுப்புண்; முதுகிற் பட்டது புறப்புண். முன்னது புகழ் தருவது. பின்னது பழி தருவது. வெண்ணிப் போரிலே கரிகாலனோடு பொருது புறப்புண் பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன், அந்நாணம் பொறாது வடக்கிருந்து உயிர் நீத்தான் என்பதைச் சங்கப் பாடல்கள் நமக்கு உணர்த்துகின்றன. ஆயின், உடலிற் படாது உள்ளத்தில் மட்டும் படும் புண் ஒன்றுண்டு. போர்வீரருக்கும், விபத்து நேர்ந்த இடத்துக்கு முதலில் ஓடிச் செல்லும் தீயணைப்பு வீரர், பொலிஸார், தாதியர் ஆகியோருக்கும் அது நேர்கின்றது. அதனை எவ்வகையில் அடக்குவது? இவ்வினாவுக்குத் தக்க விடை காண உலகம் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நான் வாழும் மட்டக்குளி, களனி கங்கை கடலோடு கலக்குமிடத்தில் உள்ளது. இங்கிருந்து கொழும்புத் துறைமுகமும் கொட்டாஞ்சேனையும் வெகு தூரமல்ல. 1942 ஏப்பிரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு காலையிலே, யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கின. அன்று குண்டு வீழ்ந்த இடங்களுள் அங்கொடை மனநோய் வைத்தியசாலையும் ஒன்று. நோயாளர் சிலர் அங்கே மாண்டனர். எழுபத்தேழு ஆண்டுகளின் பின், 2019 ஏப்பிரல் 21ஆம் நாள், மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறு காலையில், கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திலும் வேறு தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. அதே நாளில் தெமட்டகொடையில் ஒரு வீட்டைச் சோதனையிடச் சென்ற பொலிஸார் மூவர் உயிர் துறந்தனர். இறந்தோரை நாம் எண்ணினோம்; காயமுற்றோரையும் எண்ணினோம். உடல்களைச் சுமந்து வெளியே வந்தோரின் உள்ளத்தை யார் எண்ணினர்?

இனி, இப்புண் முதன்முதலில் பரவலாக அறியப்பட்ட காலத்துக்குச் செல்வோம். 1914இல் தொடங்கிய முதலாம் உலகப் போரிலே, உடலிற் காயமேதுமின்றியே பார்வையும் பேச்சும் நினைவும் இழந்த வீரர்கள் வைத்தியசாலைகளை நிறைத்தனர். 1915இல் சார்ள்ஸ் மயர்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் இத்தகையோர் மூவரைப் பற்றி எழுதிய கட்டுரையால், 'ஷெல் ஷொக்', அதாவது குண்டதிர்ச்சி, என்னும் பெயர் மருத்துவ ஏடேறியது. குண்டின் அதிர்வு மூளையைத் தாக்கியதாகவே முதலில் எண்ணினர். குண்டு வீழ்ந்த இடத்தின் அருகிலும் இல்லாதவருக்கு இந்நோய் வந்தபோது, அது மனத்தின் புண் என்பது தெளிவாயிற்று. தெளிவாகியும் இராணுவம் அதனை எளிதில் ஏற்கவில்லை. கோழைத்தனம், படையை விட்டோடல் முதலிய குற்றங்களுக்காகப் பிரித்தானிய இராணுவத்திற் சுட்டுக் கொல்லப்பட்டோருள் 306 பேருக்கு 2006ஆம் ஆண்டிலேதான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களுள் எத்தனை பேர் உள்ளம் நொந்த நோயாளரோ!

அக்காலத்தில் இந்நோயாளருக்குச் சிகிச்சை புரிந்தோருள் இருவர் நம் நிலப்பகுதியை நன்கறிந்தவர்கள். ஒருவர் செலிக்மன், இவர் 1907, 1908ஆம் ஆண்டுகளில் இலங்கையில் வேடரை ஆராய்ந்து 1911இல் நூல் வெளியிட்டவர். மற்றவர் ரிவர்ஸ், இவர் நீலகிரியிலே தோடரிடையே தங்கி ஆராய்ந்து 1906இல் நூல் எழுதியவர். அயலாரின் பேச்சைப் பொறுமையோடு கேட்டுப் பழகிய ரிவர்ஸ், ஸ்கொத்லாந்திலே கிரெய்க்லொக்கார்ட் வைத்தியசாலையில் போர் அதிகாரிகளின் பேச்சையும் அவ்வாறே கேட்டார்.

அவ்வதிகாரிகளுக்கு வைத்தியரும் உறவினரும் கூறியிருந்த அறிவுரை ஒன்றே: "நடந்ததை மறந்துவிடு." பகலெல்லாம் மறக்க முயன்றவர்கள் இரவிலே கனவுகண்டு அலறினர். சிதைந்து கிடந்த தன் நண்பனின் உடலைத் தேடிக் கண்ட ஓர் அதிகாரி, அக்காட்சியையே நாள்தோறும் கனவிற் கண்டு துடித்தார். உடல் அவ்வாறு சிதைந்தமையே நண்பன் வேதனையின்றி ஒரு கணத்தில் இறந்தான் என்பதற்குச் சான்று என ரிவர்ஸ் அவருக்கு எடுத்துக் காட்டினார். அதன்பின் கனவின் கொடுமை தணிந்தது. நினைவை அடக்குவதனால் நோய் வளர்கிறது என்றும், துணையாய் ஒருவர் இருந்து கேட்க, அதனைத் தாங்கக்கூடிய வகையில் எதிர்கொள்வதே மருந்து என்றும் அவர் 1917இல் வைத்தியர் அவையில் உரைத்தார்.

இரண்டாம் உலகப் போரும் வியட்நாம் போரும் இப்பாடத்தை உலகுக்கு மீண்டும் கற்பித்தன. 1980இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் இந்நோயைத் தன் நோய்ப் பட்டியலிற் சேர்த்தது. 2013இல் அதே சங்கம், சிதைந்த உடல்களைத் திரட்டும் மீட்புப் பணியாளருக்கும் இந்நோய் வரலாம் என வெளிப்படையாகக் கூறியது. நெருங்கிய உறவினருக்கு நேர்ந்த கொடிய நிகழ்வைக் கேட்டறிவதாலும் ஒருவர் நோயுறலாம் எனவும் அது ஏற்றுக்கொண்டது.

1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே நம் நாடும் இதனைக் கண்டது. யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரினால் தமிழ் மக்களுக்கு ஏற்பட்ட உளப்பாதிப்பை 1998இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். 'மனவடு' என்னும் அருமையான தமிழ்ச்சொல்லும் வழக்கில் நிலைத்தது. தெற்கே வைத்தியர் ருவன் ஜயதுங்க, இலங்கைப் படைவீரரின் மனவடுவை ஆராய்ந்து எழுதிய நூலின் தலைப்பிலே குண்டதிர்ச்சியையும் பலாலியையும் இணைத்தார். களத்தின் இரு பக்கத்தாரையும் பற்றி எழுதிய இருவரும் கண்டது ஒரே புண்ணைத்தான்.

சிகிச்சை பற்றியும் சில சொல்லவேண்டும். கொடிய நிகழ்வு நடந்தவுடன் ஒருவரை வற்புறுத்திப் பேசவைப்பது நன்மை தராது என்பது இன்று உறுதியாகியுள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளமுதலுதவிக் கைநூல் மூன்று கடமைகளைக் கூறுகின்றது: நிலைமையைப் பார், பேச விரும்பினாற் கேள், உதவி கிடைக்குமிடத்தோடு இணை. பெரும்பாலோர் சில வாரங்களிற் தாமே தேறுவர். ஒரு மாதத்துக்கு மேலும் கெட்ட கனவு, திடுக்கிடல், ஒதுங்கி வாழ்தல் ஆகியன நீடித்தால் பயிற்சி பெற்ற உளவளத் துணையாளரையோ வைத்தியரையோ நாடவேண்டும். அவர்கள் அந்நினைவைப் படிப்படியாக எதிர்கொள்ள நோயாளருக்குத் துணை நிற்பர். அன்று குண்டு வீழ்ந்த அங்கொடையில் இன்று தேசிய மனநல நிறுவனம் இயங்குகின்றது. 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் அதன் உதவியைப் பெறலாம்.

பாடசாலை அதிபர் என்ற முறையில் ஒன்று கூறி முடிக்கிறேன். திருவிழாக் காலத்தில் வெடிச்சத்தம் கேட்டவுடன், பிள்ளையின் கையை இறுகப் பற்றிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கிய ஒரு தந்தையை எங்கள் வாயிலிலே கண்டேன். 2019இல் காயமுற்றோரைத் தூக்கியவர் அவர். மறுநாள் வகுப்பிலே மேசை விழுந்த ஓசைக்கு அப்பிள்ளையும் அவ்வாறே ஒதுங்கினான். தந்தையின் புண் மகனையும் எட்டியிருந்தது. அவரை அழைத்துப் பேசினேன். "வீட்டில் சொன்னால் என்னைப் பயந்தவன் என்பார்கள், ஐயா" என்றார்.

நேயர்களே, பிறர் அஞ்சி வெளியே ஓடிய இடத்துக்கு உள்ளே ஓடியவர் அவர். அவர் கொண்ட புண் புறப்புண்ணன்று, விழுப்புண்ணே. அதனை அவர் தம் வீட்டிலே அச்சமின்றிச் சொல்லவும், வீட்டார் இகழாது கேட்கவும் இயலுமாயின், சிகிச்சையின் முதற்படி அங்கேயே தொடங்கிவிடும்.