புத்தளக் கரையின் சிறுவர் வாசிப்பும் மென்மையான மாயக்கதைகளும்

சண்டையையும் பழிவாங்கலையும் மையமாகக் கொள்ளாது, நட்பு, பராமரிப்பு, கைத்தொழில் ஆகியவற்றை மாயம் நிறைந்த உலகொன்றில் வைத்துச் சொல்லும் சித்திர நாவல்கள் அண்மைக் காலத்தில் இளம் வாசகரைப் பெரிதும் கவர்ந்துள்ளன. சித்திர நாவல் என்பது கட்டம் கட்டமாக வரைந்த படங்களாலும் அவற்றுள் அமைந்த உரையாடல்களாலும் நடத்திச் செல்லப்படும் நூலளவு நீண்ட கதையாகும். நியூசிலாந்தின் கே ஓ'நீல் 2017-இல் வெளியிட்டு, மறு ஆண்டு ஐஸ்னர் விருது பெற்ற 'தி டீ டிராகன் சொசைட்டி' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கொம்புகளில் தேயிலை துளிர்க்கும் சிறு டிராகன்களைப் பேணி வளர்ப்பதே அதன் கதை; சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் ஒருவர் அதில் இரக்கத்துக்குரியவராக அன்றி, ஏனையோரைப் போன்ற கதைமாந்தராகவே நடமாடுகிறார். இவ்வகைக் கதையின் இரு பண்புகளுள் மென்மை தமிழ்ச் சிறுவருக்குப் புதியதன்று. எல்லோருக்கும் இடமளித்தல் என்பதே அவர்களுக்கு நெடுங்காலம் கிட்டாதிருந்தது.

இலங்கையில், மதுரங்குளியை அண்டிய கனமூலை முதலான புத்தளம் மாவட்டத்து ஊர்களில் வாழும் தமிழ் பேசும் முஸ்லிம்கள், அச்சு நூல்கள் பரவுவதற்கு முன்பே தோன்றிய வளமான கதைமரபொன்றின் உரிமையாளர்கள். கிஸ்ஸா எனப்படும் கதைப்பாடல், வினாவிடையாக அமையும் மசலா ஆகியவை தமிழக, இலங்கை முஸ்லிம்களின் பொதுச் செல்வமாகும். 1572-இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ஆயிரம் மசலா சமய நூல். நூறு மசலாவோ, அரசகுமாரி ஒருத்தி தொடுக்கும் நூறு வினாக்களுக்கு விடை கூறி அவளை மணக்கும் இளைஞனின் கதை. வாளால் அன்றிக் கேள்வியால் நகரும் கதையமைப்பு இது என்பது கருதத்தக்கது.

அதே அமைப்புத்தான் அச்சுக் காலத்தில் அம்புலிமாமாவின் வழியாகப் படங்களுடன் மீண்டும் வந்தது. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் 1947 ஜூலையில் தொடங்கிய அச்சஞ்சிகை, தெலுங்கில் சந்தமாமா என்றும் தமிழில் அம்புலிமாமா என்றும் வெளிவந்தது. அதில் வேதாளக் கதைகளுக்கு ஓவியர் சங்கர் வரைந்த தலைப்புப்படம் தலைமுறைகளின் நினைவில் நின்றதாகும்: தோளில் பிணம் தொங்க, கையில் உருவிய வாளுடன் விக்கிரமாதித்தன் இருண்ட காட்டில் நடக்கிறான். படம் அச்சமூட்டினாலும் அந்த வாளுக்குக் கதையில் வேலையே இல்லை. வேதாளம் ஒரு கதையைச் சொல்லி, அதில் யார் செய்தது நியாயம் என்று கேட்கிறது. விடை தெரிந்தும் வாய் திறவாவிட்டால் மன்னனின் தலை வெடித்துவிடும், வாய் திறந்தாலோ வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். ஆகவே கதை ஒவ்வொன்றிலும் சிறுவர் எதிர்பார்த்தது பகைவனின் சாவை அன்று, நியாயத்தின் தீர்ப்பையே. மன்னனுக்கு முன் தானே விடை காண முயலும் சிறுவனுக்கு அது தந்த பெருமிதமே அச்சஞ்சிகையின் உண்மையான ஈர்ப்பு எனலாம். எனினும் அது பெரும்பாலும் எழுத்துக் கதைக்குத் துணையாகப் படம் இட்ட சஞ்சிகையே. கட்டங்களாலான சித்திரக்கதை தமிழில் தனித் தொழிலாக வேரூன்றியது பின்னர்தான்.

சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி' கதையுடன் வெளிவரத் தொடங்கிய காலத்தில், இலங்கை அரசு அந்நியச் செலாவணி நெருக்கடியை ஒட்டியும், உள்ளூர் எழுத்தையும் பதிப்பையும் காக்க வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்றும், இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்தது. அக்கட்டுப்பாடு ஈழத்து எழுத்துக்கு ஊக்கமளித்தது என்பதை மறுக்க இயலாது. ஆனால் சிறுவருக்கான வண்ணப் படக்கதையில் அந்த வெற்றிடத்தை நிரப்பும் ஆற்றல் உள்ளூர் அச்சகங்களுக்கு வாய்க்கவில்லை. 1977-க்குப் பின் சந்தை திறந்தபோது தமிழகத்துச் சித்திரக்கதைகளுக்கும் வழி பிறந்தது. அவற்றுள் துப்பறிவும் துப்பாக்கியும் மிகுந்திருந்தன. வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்டு 1984-இல் தொடங்கிய பூந்தளிர் சஞ்சிகை மட்டும் வேறு திசையில் சென்றது. அதில் வந்த, அனந்த் பை படைத்த கபீஷ் என்னும் குரங்கின் வால், வேண்டும்போது நீண்டு வேண்டாதபோது சுருங்கும். அவ்வாலைக் கபீஷ் பயன்படுத்துவது காட்டு நண்பர்களைக் காப்பதற்கே. இன்று மென்மையான மாயக்கதை என்று போற்றப்படும் வகைக்கு, தமிழ்ச் சிறுவர் கண்ட மிக நெருங்கிய முன்னோடி இதுவே.

ஆயினும் அரசரும் வணிகரும் அந்தணரும் நிறைந்த இச்சஞ்சிகைகளின் உலகங்களில், கடலோர முஸ்லிம் சிறுமி ஒருத்தி தன்னைத் தேடினால் காண்பது அரிது. முஸ்லிம் கதைமாந்தர் பெரும்பாலும் பாக்தாதிலோ பாரசீகத்திலோதான் வாழ்ந்தனர். தென்னந்தோட்டத்திலோ களப்புக் கரையிலோ அல்ல. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வட மாகாண முஸ்லிம்களில் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சம் புகுந்த பின்னர், இந்த இன்மை மேலும் கனத்தது. வீடிழந்த பிள்ளையும் இடமளித்த ஊரின் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்ந்த அக்காலம், புதியவரை ஏற்கும் கதைகளுக்கு மிகவும் தேவை இருந்த காலம்.

மாற்றம் படநூல்களின் வழியே சிறிது சிறிதாக வந்துள்ளது. சென்னையின் தூலிகா பதிப்பகம் மாற்றுத்திறனுள்ள சிறுவரையும் பல்வேறு சமூகத்தினரையும் இயல்பாகக் காட்டும் நூல்களைத் தமிழிலும் வெளியிட்டது. இலங்கையில் ரூம் டு ரீட் நிறுவனம் தமிழிலும் சிங்களத்திலும் உள்ளூர் ஓவியர்களைக் கொண்டு சிறுவர் நூல்களை உருவாக்கியது. இவை சில பக்கங்களில் முடியும் படநூல்கள். பத்து வயதைக் கடந்த வாசகருக்கான நீண்ட சித்திர நாவலோ, பக்கந்தோறும் பல ஓவியங்களையும் முழுவண்ண அச்சையும் வேண்டுவது; ஓவியர் ஒருவர் பல மாதங்கள் அதற்கே உழைக்க வேண்டியிருக்க, இலங்கைத் தமிழ்ச் சந்தையின் சிறிய அச்சுப்படிகளால் அவ்வுழைப்பின் செலவை ஈடுசெய்வது கடினமாகவே இருந்து வருகிறது.