இயங்குதளத்தை மாற்றுவது எப்போது?

கணினி வைத்திருப்போர் யாவரும் சில ஆண்டுகளுக்கொருமுறை ஒரு வினாவுக்கு விடை கூற வேண்டியவராகின்றனர். புதிய இயங்குதளம் வெளிவந்துவிட்டது. அதற்கு மாறுவதா, இருப்பதையே வைத்துக்கொள்வதா என்பதே அவ்வினா. பொறியின் உறுப்புகளையும், எழுதவும் கணக்கிடவும் நாம் கையாளும் மென்பொருள்களையும் ஒன்றோடொன்று இணைத்து நடத்தும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். நம் பாடநூல்கள் இதனைப் பணிசெயல் முறைமை என்று வழங்குகின்றன. இவ்வினாவுக்கு அறுபது ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்போமாயின், விடை காண்பது ஓரளவு எளிதாகும்.

1964ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆம் திகதி அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம் 360 என்னும் கணினிக் குடும்பத்தை அறிவித்தது. சிறிய பொறிக்கு எழுதிய நிரல் பெரிய பொறியிலும் இயங்கும் என்பதே அதன் பெருஞ்சிறப்பு. ஆயினும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. அதே நிறுவனம் 1959இல் அறிமுகஞ் செய்து ஆயிரக்கணக்கில் பரப்பியிருந்த 1401 என்னும் பொறிக்கு எழுதிய நிரல்கள் புதிய பொறியில் நேரே இயங்கமாட்டா. சம்பளப் பட்டியலும் சரக்குக் கணக்கும் அந்நிரல்களிலேயே தங்கியிருந்தன. போட்டியாளரான ஹனிவெல் நிறுவனமோ, 1401இன் நிரல்களை மாற்றியமைத்துத் தரும் வசதியோடு தன் பொறியொன்றை 1963இன் இறுதியிலேயே முன்வைத்திருந்தது. எனவே ஐ.பி.எம். தன் புதிய பொறிகள் சிலவற்றில் 1401ஐப் போலவே தொழிற்படும் வசதியைச் சேர்த்துக் கொடுத்தது. புதிய இயங்குதளம் சொன்ன காலத்திற் கைக்கு வரவில்லை. ஆயிரம் பேருக்கு மேல் அதில் உழைத்தும் தாமதம் நீங்கவில்லை. புதிய பொறியை வாங்கியோருட் பலர் அதிற் பழைய நிரலையே ஓட்டிக்கொண்டிருந்தனர்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? இயங்குதளத்தை எவரும் அதன் பொருட்டே விரும்புவதில்லை. அதன்மேல் நாம் கட்டியெழுப்பிய வேலைகளே நம்மைப் பிணிக்கின்றன. அடித்தளத்தை மாற்றும்போது மேலேயுள்ள வீடு என்னாகும் என்பதே அன்றும் இன்றும் எழும் அச்சம்.

இவ்வச்சம் நியாயமானது என்பதை மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விஸ்டா உலகுக்குக் காட்டிற்று. 2001 ஒக்டோபர் 25ஆம் திகதி வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, வீடுகளிலும் கந்தோர்களிலும் நிலைபெற்றுவிட்டது. அதன் வழித்தோன்றலாகிய விஸ்டா பொதுமக்களுக்கு 2007 சனவரி 30ஆம் திகதியே கிட்டியது. அஃது எக்ஸ்பியைக் காட்டிலும் மிகுதியான நினைவகத்தைக் கேட்டது. அச்சுப்பொறி, வருடி முதலிய துணைக்கருவிகளை இயக்கும் மென்பொருள்கள் அதற்கேற்ப ஆயத்தமாகவில்லை. பல செயல்களுக்கு அடிக்கடி அனுமதி கேட்டு அது பயன்படுத்துவோரைச் சலிப்படையச் செய்தது. கணினிகளுக்குச் சில்லுகள் ஆக்கும் இன்டெல் நிறுவனமே தன் ஊழியர் கணினிகளிற் பெரும்பாலானவற்றில் விஸ்டாவை நிறுவுவதில்லை எனத் தீர்மானித்ததாக 2008இற் செய்தி வெளியாயிற்று. 2009 ஒக்டோபர் 22ஆம் திகதி விண்டோஸ் 7 வெளிவந்தபோது, பொறுத்திருந்தோர் தாம் செய்தது சரியென மகிழ்ந்தனர். அவர்கள் மகிழ்ந்ததிற் பிழையில்லை.

ஆனால் கதை அங்கு முடியவில்லை. விஸ்டாவுக்காகப் பொறுத்திருந்தோரிற் பலர், விண்டோஸ் 7 வந்த பின்னரும் பொறுத்தேயிருந்தனர். எக்ஸ்பிக்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்பிரல் 8ஆம் திகதியுடன் நிறுத்தப்படும் என்பது பல ஆண்டுகளுக்கு முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. அந்நாள் வந்தபோதும், உலகின் மேசைக் கணினிகளிற் கால்பங்குக்கு மேற்பட்டவை எக்ஸ்பியிலேயே இயங்கின எனக் கணித்தனர். பிரித்தானிய அரசாங்கம் தன் பொதுத்துறைக் கணினிகளுக்கு மேலும் ஓராண்டு திருத்தங்கள் பெறும் பொருட்டு ஏறத்தாழ 55 இலட்சம் பவுண் செலுத்தியது. அவ்வாண்டு கழிந்ததும் அவ்வொப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

2017 மே 12ஆம் திகதி, ஒரு வெள்ளிக்கிழமை, வன்னாகிறை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவிற்று. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டொலர் பெறுமதியான பணயத்தை அது கேட்டது. 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் தாக்குண்டன. இங்கிலாந்தில் அரச வைத்தியசேவையை நடத்தும் 236 அமைப்புகளில் ஆகக் குறைந்தது 80 பாதிப்புற்றன. நோயாளரின் பதிவேடுகள் திறக்கவில்லை. ஐந்து வைத்தியசாலைப் பகுதிகளில் அவசர நோயாளரை வேறிடங்களுக்கு அனுப்ப நேர்ந்தது. ஏறத்தாழ 19,000 மருத்துவச் சந்திப்புகள் கைவிடப்பட்டன என மதிப்பிடப்பட்டது. தன் கணினியில் எந்த இயங்குதளம் இருக்கின்றது என்று ஒருபோதும் சிந்தித்திராத நோயாளியே அத்தவறுக்கு விலை கொடுத்தார்.

பலரும் இப்பழியை எக்ஸ்பியின் மேற் சுமத்தினர். அந்நாட்டின் தேசிய கணக்காய்வு அலுவலகம் அதே ஆண்டு ஒக்டோபரில் வெளியிட்ட அறிக்கையோ வேறொன்றைக் காட்டியது. அங்கே தாக்குண்ட கணினிகளிற் பெரும்பாலானவை அந்நாளிலும் ஆதரவு பெற்றுவந்த விண்டோஸ் 7இல் இயங்கியவை. குறையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் மார்ச் 14ஆம் திகதியே, அதாவது தாக்குதலுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே, வழங்கியிருந்தது. தாக்குண்ட கணினிகளில் அது நிறுவப்பட்டிருக்கவில்லை. எனவே புதியதை வாங்கிவிட்டதனால் மட்டும் காப்பு வந்துவிடாது. வாங்கியதைப் பேணவும் வேண்டும். பேணுவதற்கு வழியற்றுப்போன பழையதோ எவ்வளவு நன்றாக ஓடினாலும் ஆபத்தானதே.

நேயர்களே, ஒரே இயங்குதளத்தை எல்லா நாட்டவரும் ஒரே துலாவில் நிறுத்தல் இயலாது என்பதற்கும் விஸ்டாவே சான்று. உலகம் வெறுத்த அவ்விஸ்டாவிலேதான் சிங்கள எழுத்துக்கான வசதி முதன்முதலாக விண்டோசுடன் உள்ளடங்கி வந்தது. எக்ஸ்பிக்கு அதனைத் தனியே சேர்க்க வேண்டியிருந்தது. தமிழ் இதற்குச் சற்று முந்திக்கொண்டது. 1991இல் வெளியான யுனிகோட் நியமத்தின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், விண்டோஸ் 2000 வந்த பின்னரே அம்முறையிலான தமிழை விண்டோஸ் செவ்வனே காட்டிற்று. அதற்கு முன்னர் நம் கந்தோர்களிலும் பாடசாலைகளிலும் பாமினி போன்ற எழுத்துருக்களே ஆட்சி செய்தன. அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் நம் கடிதம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். விண்டோஸ் 98ஐ விடாது பற்றியிருந்தோர் தம் பழைய கோப்புகளைக் காத்துக்கொண்டனர். ஆனால் யுனிகோட் தமிழில் மின்னஞ்சல் எழுதவும் தேடவும் இடர்ப்பட்டனர். மாறியோர் அவ்வசதிகளைப் பெற்றனர். பழைய கோப்புகளை மாற்றியெழுதும் சுமையும் அவர்களைச் சேர்ந்தது.

இன்று இவ்வினா மீண்டும் நம் வாசலில் நிற்கின்றது. 2015 யூலை 29ஆம் திகதி வெளிவந்த விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவுற்றது. தனியாள் பயனர்க்கு 2026 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் நீடிக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. 2021 ஒக்டோபர் 5ஆம் திகதி வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும் அண்மைக்காலச் சில்லையும் வேண்டி நிற்கின்றது. ஆதலின் பழுதின்றி இயங்கும் கணினிகள் பல அதனை முறைப்படி ஏற்க இயலாதவையாயுள்ளன. பெற்றோர் சேர்த்துக் கொடுத்த பணத்திற் கணினி வாங்கிய பாடசாலைக்கு இது சிறு செய்தியன்று. அத்தகைய பொறிகளுக்கு லினக்ஸ் வகைத் தளங்களுள் ஒன்றை நிறுவுதலும் தக்க வழியே. அவற்றுட் பல விலையின்றிக் கிடைக்கின்றன, இன்றும் திருத்தங்கள் பெறுகின்றன.

முடிவு செய்யுமுன் மூன்றை விசாரித்தறிதல் நன்று. இப்போதுள்ள தளத்துக்குத் திருத்தங்கள் எந்நாள் வரை வரும்? நம் அச்சுப்பொறியும், கணக்கு மென்பொருளும், தமிழ்க் கோப்புகளும் புதிய தளத்தில் இயங்குமா? அதனை ஒரு கணினியில் மட்டும் நிறுவிச் சில வாரங்கள் பார்த்தோமா? இவற்றுக்கு விடை கிடைக்கும் வரை காத்திருப்பதில் இழுக்கில்லை. விஸ்டாவுக்குக் காத்திருந்தோர் அதையே செய்தனர். ஆனால் காத்திருப்போர் நாளொன்றைக் குறித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். நாள் குறியாது காத்திருந்தோர் 2014இற் பிடிபட்டனர். மாறிய பின்னர் கவனியாது விட்டோர் 2017இற் பிடிபட்டனர்.

ஆகவே, இன்று வீட்டிலோ கந்தோரிலோ பாடசாலையிலோ ஒரு கணினிக்குப் பொறுப்பாயிருக்கும் நேயர், அதன் திருத்தங்கள் முடிவுறும் திகதியை ஒரு தாளில் எழுதிப் பொறியின் மேல் ஒட்டிவைப்பாராக. அத்திகதிக்கு ஆறு மாதம் முன்னதாகவே பணத்துக்கும் பயிற்சிக்கும் வழி தேடத் தொடங்குவாராக.