ஆபரேஷனுக்கு முன்னாடி ஏன் கீமோ? ஒரு காத்திருப்பின் வரலாறு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் சொந்த விஷயத்துல இருந்து ஆரம்பிக்குது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்னு பயாப்ஸி ரிப்போர்ட் வந்துச்சு. அடுத்த வாரமே ஆபரேஷன் இருக்கும்னு நினைச்சு நான் லீவு கூட போட்டுட்டேன். ஆனா டாக்டர் சொன்னது வேற. "முதல்ல கீமோ, கிட்டத்தட்ட ஆறு மாசம். அதுக்கப்புறம்தான் சர்ஜரி." அந்த ரூம்ல அம்மா எதுவும் கேக்கல. ஆட்டோவுல ஏறினதும் கேட்டாங்க: "கட்டிய உள்ளேயே வெச்சுக்கிட்டு ஆறு மாசம் எப்படிடா தூங்குறது?"

என்கிட்ட பதில் இல்ல. பாக்க வந்த சொந்தக்காரங்க வேற, "அப்போ ஆபரேஷன் பண்ண முடியாத ஸ்டேஜா?"ன்னு அம்மா காதுல விழற மாதிரியே கேட்டாங்க. நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். ஒரு சிஸ்டம் ஏன் இப்படி இருக்குன்னு புரியலன்னா பழைய கமிட் ஹிஸ்டரிய தோண்டுவோம் இல்லையா, அதையேதான் இங்கயும் செஞ்சேன்.

முதலில் கத்தி

கட்டின்னா உடனே வெட்டி எடுக்கணும்ங்கிற எண்ணம் நம்ம மண்டைக்குள்ள ஆழமா இருக்கு. அதுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் இருந்தார். சட்டையில் சிந்திய மை மாதிரி, புற்றுநோய் தொடங்கிய இடத்திலிருந்து படிப்படியாகப் பரவுகிறது என்பது அவருடைய கணக்கு. அப்படியென்றால் சீக்கிரமாகவும் அகலமாகவும் வெட்டினால் தப்பித்துவிடலாம். 1894-ல் அவர் தன் முடிவுகளை வெளியிட்டார். மார்பகம், அதன் அடியில் இருக்கும் நெஞ்சுத் தசைகள், அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகள் எல்லாவற்றையும் எடுத்துவிடும் அறுவை சிகிச்சை அது. ஏறக்குறைய எண்பது வருஷம் உலகம் முழுக்க அதுதான் நடைமுறை. கையைச் சரியாகத் தூக்க முடியாமல், தோள் வீங்கி வாழ்ந்த பெண்கள் ஏராளம்.

இந்தக் கணக்கைக் கேள்வி கேட்டவர்களில் முக்கியமானவர் பிட்ஸ்பர்க்கின் பெர்னார்ட் ஃபிஷர். கட்டி கையில் தட்டுப்படும் முன்பே சில செல்கள் ரத்தத்தில் கலந்து வேறு இடங்களுக்குப் போயிருக்கலாம் என்றார் அவர். அது உண்மைன்னா, எவ்வளவு அகலமா வெட்டினாலும் அந்த செல்களைப் பிடிக்க முடியாது. உடம்பு முழுக்கப் போற மருந்து வேணும். 1971-ல் அவர் குழு தொடங்கிய பரிசோதனையில், ஹால்ஸ்டெட் பாணி பெரிய ஆபரேஷனால் ஆயுள் கூடவில்லை என்று தெரிந்தது.

உலோக எலும்புக்காகக் காத்திருந்த பிள்ளைகள்

சரி, மருந்து வேணும். அதை ஆபரேஷனுக்கு முன்னாடியே கொடுக்கலாம்னு எப்படித் தோணுச்சு? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி வருது.

ஆஸ்டியோசார்கோமா என்று ஒரு எலும்புப் புற்றுநோய். பெரும்பாலும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு, முழங்காலை ஒட்டி வரும். 1970-களின் தொடக்கம் வரை காலை வெட்டி எடுப்பதுதான் சிகிச்சை. வெட்டிய பிறகும் ஐந்தில் நாலு பேர், நுரையீரலில் நோய் பரவி இறந்துபோனார்கள்.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில், ரால்ஃப் மார்கோவ் என்ற சர்ஜனும் ஜெரால்ட் ரோசன் என்ற புற்றுநோய் மருத்துவரும் காலை வெட்டாமல் காப்பாற்றப் பார்த்தார்கள். நோய் பிடித்த எலும்பை மட்டும் எடுத்துவிட்டு, அங்கே உலோக எலும்பு பொருத்துவது திட்டம். ஆனால் அதை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக அளவெடுத்துச் செய்ய வேண்டும். செய்து வரப் பல வாரங்கள் ஆகும். அதுவரைக்கும் கட்டி சும்மா இருக்காதே!

அந்த இடைவெளியில் ரோசன் கீமோ கொடுக்க ஆரம்பித்தார். அவர் கொடுத்த மருந்துகளில் முக்கியமானது மெத்தோட்ரெக்சேட். அந்த மருந்துக் குடும்பத்தை லெடர்லே நிறுவனத்தில் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய எல்லாப்பிரகட சுப்பாராவ், நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

மருந்து போனதும் பல பிள்ளைகளுக்கு வலி குறைந்தது. ஆபரேஷன் முடிந்து எடுத்த கட்டியை ஆண்ட்ரூ ஹுவோஸ் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, எவ்வளவு பகுதி செத்திருக்கிறது என்று தரம் பிரித்தார். அதிகம் செத்திருந்தவர்கள் அதிகம் பிழைத்தார்கள். கட்டியை முதலிலேயே எடுத்திருந்தால் இந்தத் தகவல் கிடைத்தே இருக்காது. எங்க பாஷையில சொன்னா, லாக் ஃபைல டெலீட் பண்ணிட்டு டீபக் பண்ற மாதிரி ஆகியிருக்கும்.

1982-ல் எமில் ஃப்ரை இந்த முறைக்கு 'நியோஅட்ஜுவன்ட்' என்று பெயர் வைத்தார்.

நினைச்சது நடக்காத பரிசோதனை

மார்பகப் புற்றுநோயில் இதைப் பெரிய அளவில் சோதித்தது மறுபடியும் ஃபிஷரின் குழு. 1988-ல் தொடங்கிய பி-18 பரிசோதனையில் 1,523 பெண்கள். பாதிப் பேருக்கு முதலில் ஆபரேஷன், பிறகு நாலு கீமோ. மீதிப் பேருக்கு அதே நாலு கீமோ முதலில். மருந்து சீக்கிரம் போனால் அதிகம் பேர் பிழைப்பார்கள் என்பது எதிர்பார்ப்பு.

அது நடக்கல. ரெண்டு பக்கமும் பிழைத்தவர்கள் ஏறக்குறைய சமம்.

ஆராய்ச்சியாளர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கும். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு லேப்டாப்ல அதைப் படிச்ச எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஏன்னா அம்மா கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். கட்டிய உள்ள வெச்சுக்கிட்டே முதல்ல மருந்து வாங்கிக்கிட்ட நூத்துக்கணக்கான பெண்கள், அதனால எதையும் இழக்கல. சுமார் 80 சதவீதம் பேருக்குக் கட்டி பாதியாவோ அதுக்கு மேலயோ சுருங்கியிருந்துச்சு. மார்பகத்தை முழுசா எடுக்காம ஆபரேஷன் முடிஞ்சவங்களும் அதிகம்.

காலையில அம்மாகிட்ட சொன்னேன். "அப்போ முன்னாடி போட்டா நஷ்டம் இல்லங்கற?"ன்னு கேட்டாங்க. ஆமாம்மான்னேன். "லாபம்?" கட்டி சுருங்கினா ஆபரேஷன் சின்னதாகலாம், மருந்து வேலை செய்யுதான்னு கண்ணால பாக்கலாம்னேன். அன்னைக்கு ராத்திரியும் அவங்க சரியா தூங்கல. ஆனா அடுத்த தடவை ஒரு சித்தி "ஸ்டேஜ்"னு ஆரம்பிச்சப்போ, அம்மாவே பதில் சொன்னாங்க.

அந்த ஆறு மாசம்

வரலாறு தெரிஞ்சா பயம் போயிடும்னு நான் சொல்லல. அம்மா பாத்ரூம்ல ஒரு நாளைக்குப் பத்து தடவை கட்டியத் தொட்டுப் பாப்பாங்க. ஒரு நாள் சின்னதாச்சுன்னு சிரிப்பாங்க, மறுநாள் பெருசாச்சுன்னு அழுவாங்க. கடைசியில வார்டு சிஸ்டர்தான், "அளக்கறது எங்க வேலைம்மா, மூணு வாரத்துக்கு ஒரு தடவை நாங்க பாத்துக்கறோம்"னு சொன்னாங்க. அதுக்கப்புறம் தினசரி காலண்டர்ல அடுத்த கீமோ தேதிய மட்டும் வட்டம் போட்டு வெச்சாங்க. கேள்விகள் எல்லாம் பால் கணக்கு நோட்டோட கடைசிப் பக்கத்துக்குப் போச்சு. 100.4 டிகிரி காய்ச்சல் வந்தா விடியட்டும்னு காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு ஃப்ரிட்ஜ் மேல எழுதி ஒட்டினோம். கட்டி சுருங்கி மறைஞ்சாலும் இடம் தெரியணும்னு உள்ள ஒரு குட்டி உலோக கிளிப் வெச்சிருந்தாங்க. "மறைஞ்சா தேடணும்னு இப்பவே அடையாளம் வெக்கறாங்கடா"ன்னு அம்மா சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

எல்லாருக்கும் கட்டி சுருங்காது. சிலருக்கு வளரவும் செய்யும். அதனாலதான் நடுநடுவுல பாக்கறாங்க. தேவைப்பட்டா மருந்தை மாத்துவாங்க, இல்லன்னா ஆபரேஷனை முன்னாடி கொண்டு வருவாங்க. பி-18 சொன்னதும் ஆபரேஷன் செய்யக்கூடிய நிலையில இருந்த மார்பகப் புற்றுநோயைப் பத்தி மட்டும்தான். உங்க வீட்டு நோய்க்கு எது சரின்னு உங்க டாக்டர்கிட்டதான் கேக்கணும்.

அம்மாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு ரிப்போர்ட் வந்தப்போ, கொஞ்சம் நோய் மிச்சம் இருந்துச்சு. ஆறு மாசமும் வீணாப் போச்சேன்னு உடைஞ்சுட்டாங்க. டாக்டர் பொறுமையா விளக்கினார். ஜப்பானிலும் தென்கொரியாவிலும் 910 பேரிடம் நடந்து 2017-ல் வெளியான ஒரு ஆய்வில், இப்படி மிச்சம் இருந்தவர்களுக்கு கேப்சிடபின் மாத்திரை கொடுத்ததும் பிழைப்பவர்கள் அதிகமானார்கள். அம்மாவோட வகைக்கு அது நல்லா வேலை செய்யுமாம். மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சதாலதான் அந்த மாத்திரையே கிடைச்சுது.

இப்போ மூணு மாசத்துக்கு ஒரு தடவை செக்கப். போன தடவை போனப்போ பக்கத்து நாற்காலியில ஒரு அக்கா, கையில புது ஃபைலோட உக்காந்திருந்தாங்க. அவங்களுக்கும் முதல்ல கீமோதானாம். அம்மா அவங்க பக்கம் சாஞ்சு, "தினமும் தொட்டுப் பாக்காதீங்க, அதுக்கு ஆள் இருக்காங்க"ன்னு சொன்னாங்க.

இந்தக் காத்திருப்புல இருக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிஞ்சா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க.