இரு நெருப்புகளின் சாம்பல்

1868 ஆகஸ்டு 18. அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் முழுச் சூரிய கிரகணம். அதைக் காண்பதற்கென்றே பிரான்சிலிருந்து கடல் கடந்து வந்திருந்த வானியலாளர் ஜான்சென், மறைந்த கதிரவனின் விளிம்பில் எழுந்த தீக்கொழுந்துகளின் ஒளியை நிறமாலைக் கருவியால் பகுத்துப் பார்த்தார். அக்கிரகணத்தை ஆராய்ந்தோர் கண்ட ஒளிக்கோடுகளுள் மஞ்சளான ஒன்று, அந்நாளில் அறியப்பட்டிருந்த எந்தத் தனிமத்திற்கும் பொருந்தவில்லை. கதிரவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று அதற்கு ஹீலியம் என்ற பெயர் வந்தது. 27 ஆண்டுகள் கழித்து, 1895இல், வில்லியம் ராம்சே அவ்வாயுவை மண்ணுலகிலேயே பிடித்தார். எதிலிருந்து? யுரேனியம் அடங்கிய ஒரு கனிமத்திலிருந்து! அதன் பொருளை அன்று எவரும் உணரவில்லை.

கதிரவன் எதை எரித்து ஒளிர்கிறது? நிலக்கரியாயின் சில ஆயிரம் ஆண்டுகளில் தீர்ந்திருக்கும். பொருள் தன் ஈர்ப்பினால் உள்நோக்கி விழுந்து சுருங்குவதே வெப்பத்தின் ஊற்று எனக் கொண்ட கெல்வின், கதிரவன் உலகிற்கு ஒளியூட்டத் தொடங்கிப் பெரும்பாலும் பத்துக் கோடி ஆண்டுகள் ஆகியிரா என்று 1862இல் எழுதினார். டார்வினுக்கு அக்காலம் போதவில்லை. கெல்வினின் கணக்கில் பிழையில்லை. அடுப்பில் இருந்த விறகைத்தான் அவர் அறியவில்லை.

நான்கு ஹைட்ரஜன் அணுக்களைவிட ஒரு ஹீலியம் அணு சற்றே எடை குறைந்தது என்பதை ஆஸ்டன் அளந்து காட்டினார். குறைந்த அந்த எடையே ஒளியாகிறது என 1920இல் கார்டிஃப் நகரில் எடிங்டன் எடுத்துரைத்தார். ஆயினும் கதிரவனில் அத்துணை ஹைட்ரஜன் உண்டென்று எவரும் நம்பவில்லை. 1925இல் ஹார்வர்டில் பணியாற்றிய 25 வயதுப் பெண் சிசிலியா பெயின், விண்மீன்கள் பெரிதும் ஹைட்ரஜனே எனக் கண்டார். மூத்த வானியலாளர் ரஸ்ஸல் அதை ஏற்க மறுக்கவே, அம்முடிவு பெரும்பாலும் உண்மையாய் இராது என்று தம் ஆய்வேட்டில் அவரே எழுத நேர்ந்தது. நான்காண்டுகளில் ரஸ்ஸலும் அதே முடிவுக்கு வந்தார். பணிவு எல்லா இடத்திலும் நற்பண்பன்று என எண்ணத் தோன்றுகிறது நமக்கு.

ஹைட்ரஜன் ஹீலியமாகும் படிகளை ஹான்ஸ் பெத்தே 1939 மார்ச்சில் விரிவாக வெளியிட்டார். அதற்கு இரண்டே திங்களுக்கு முன்புதான், யுரேனிய அணுக்கரு பிளவுபடுவதைக் காட்டும் ஹான், ஸ்ட்ராஸ்மன் ஆகியோரின் ஆய்வு பெர்லினிலிருந்து வெளிவந்திருந்தது. இணைவதால் எரியும் நெருப்பையும் பிளவதால் எரியும் நெருப்பையும் மனிதன் ஏறத்தாழ ஒரே வேளையில் அறிந்துகொண்டான். அவன் கைக்கு முதலில் எட்டியது பின்னதே.

கதிரவனின் நடுவே, ஒன்றரைக் கோடி பாகை வெப்பத்தில், நொடிதோறும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது. அதில் 40 இலட்சம் டன் ஒளியாகிறது. எஞ்சும் சாம்பல், குழந்தைகளின் பலூனில் அடைக்கத்தக்க தீங்கற்ற வாயு. அணு உலையின் சாம்பல் அத்தகையதன்று. சீசியமும் ஸ்ட்ரான்சியமும் பாதியாய்க் குறைய ஏறத்தாழ 30 ஆண்டுகள். புளூட்டோனியம் 239 பாதியாக 24,000 ஆண்டுகள்.

இச்சாம்பலை எங்கே கொட்டுவது? 1946 முதல் கடலில் கொட்டினார்கள். 1993இல் பன்னாட்டு உடன்பாடு அதை முற்றிலும் தடுத்தது. ராக்கெட்டில் ஏற்றிக் கதிரவனிலேயே எறிந்துவிடலாமே என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் விரைவில் கதிரவனைச் சுற்றுகிறது. அவ்விரைவை ஏறக்குறைய முழுதும் இழந்தாலன்றி எப்பொருளும் அதனுள் விழாது. ராக்கெட்டும் தவறக்கூடும்: 1964இல் சுற்றுப்பாதையை எட்டாத அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் புளூட்டோனியம் வளிமண்டலத்தில் சிதறிப் பரவியது.

ஆகவே பாறைக்குத் திரும்பினார்கள். பின்லாந்தின் ஒங்கலோவில், 190 கோடி ஆண்டுப் பழமையுடைய பாறையை 430 மீட்டர் ஆழம் குடைந்து, செம்புக் கலன்களில் கழிவை வைப்பதற்குக் கிடங்கு அமைத்துள்ளனர். செருமனியின் அஸ்ஸேயிலும் இத்தகைய நம்பிக்கையே இருந்தது. அங்கே பழைய உப்புச் சுரங்கமொன்றில் 1967 முதல் 1978 வரை ஏறத்தாழ 1,26,000 கலன்களை இறக்கினார்கள். தொடக்கத்தில் ஒழுங்காய் அடுக்கினார்கள். பின்னர், வேலை விரைவாய் முடியவும் தொழிலாளர்மேல் கதிர்வீச்சு குறையவும், இயந்திரத்தால் சரித்துக் கொட்டி உப்பால் மூடினார்கள். 1988 முதல் சுரங்கத்தினுள் உப்புநீர் ஊறுகிறது. நாளொன்றுக்குச் சுமார் 12 கனமீட்டர். அனைத்தையும் மீண்டும் வெளியே எடுக்குமாறு 2013இல் சட்டம் இயற்றினார்கள். அதற்கெனப் புதிய குழியொன்றை முதலில் தோண்டியாக வேண்டும். அதுவரை அந்நீரை நாள்தோறும் சேகரித்து மேலேற்றிக்கொண்டிருக்கின்றனர்.